சம்பளம் வருகிறது, வேலை யாருக்குப் போய்ச் சேருகிறது?

இரவல்வெளிச்சம் எழுதியது:

ஒன்பது வருடங்களாக மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் திரையில் வந்து விழும். பாலிசியில் எது அடங்கும், எது அடங்காது என்று பார்த்து அப்ரூவ் செய்ய வேண்டும், இல்லையென்றால் நிராகரிக்க வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் “உரிய கூடுதல் ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும்” என்று திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது ஃபைல். ஒன்றை முடித்தால் அடுத்தது தானாகத் திறக்கும். சம்பளத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, மேலதிகாரியும் நல்லவர்தான். அதனாலேயே இதை யாரிடமும் பேச முடியவில்லை.

போன மாதம் வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டினேன். இத்தனை வருடம் தினமும் காலையில் எழுந்து போனதற்குக் காரணமே அந்தத் தவணைதான் என்பது இப்போதுதான் தெரிகிறது. கட்டி முடித்தால் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வந்தது, நான்கு நாள் இருந்தது. ஐந்தாவது நாள் முதல் ஃபைலைத் திறந்தபோது கை ஓடவில்லை.

அதே வாரத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வேலையை விட்டுப் போனார். பதினொரு வருடம் இருந்தவர். அவர் வரிசையில் கிடந்த ஃபைல்கள் அன்று மதியத்துக்குள் எங்களுக்குப் பிரிந்து வந்துவிட்டன, அவ்வளவுதான், அவர் இருந்த தடமே இல்லை. நாளைக்கு நான் போனாலும் இப்படித்தான் இருக்கும்.

செய்கிற வேலைக்கு ஒரு பொருள் வேண்டாமா? பாதிச் சம்பளத்துக்கு ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது. போய்விடலாமா என்று பார்க்கிறேன். இப்படி மாறியவர்கள் யாராவது இருந்தால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.


சுமைதாங்கி எழுதியது:

உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொருள் என்ற சொல்லை நீங்கள் அர்த்தம் என்று படிக்கிறீர்கள். நான் பணம் என்று படிக்கிறேன்.

பகலில் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிறேன், சாயங்காலம் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தம்பி சிகிச்சைக்கு வாங்கிய கடன் இன்னும் பாதி நிற்கிறது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஏனென்றால் பாதி நேரம் அது கடன்காரர்களாகத்தான் இருக்கும். உங்களுக்கு அந்த அடிப்பு நின்றுவிட்டது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான்கே நாளில் மறந்துபோனது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறது.

பாதிச் சம்பளம் என்பதை எழுதும்போது எளிது. மாறுவதென்றால் மாறுங்கள். ஆனால் ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அடுத்த மூன்று மாதம் பாதிச் சம்பளம்தான் வருகிறது என்று வைத்துக்கொண்டு வாழ்ந்து பாருங்கள். மீதியைத் தொடவே கூடாது. அந்த மூன்று மாதத்துக்குப் பிறகும் இதே கேள்வி இருந்தால், அது உண்மையான கேள்வி.


ஜன்னலோரம் எழுதியது:

சுமைதாங்கியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2010இல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கர்களின் வருமானத்தையும் அன்றாட மனநிலையையும் ஒப்பிட்டார்கள். வருடத்துக்கு சுமார் 75,000 டாலர் வரை வருமானத்தோடு மனநிலையும் ஏறுகிறது, அதற்கு மேல் ஏறவில்லை என்று எழுதினார்கள். அந்த எண்ணை உலகமே பிடித்துக்கொண்டது. 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் வேறு விதமாக அளந்து, அப்படி நிற்கவே இல்லை, ஏறிக்கொண்டேதான் போகிறது என்றார். எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்து நடந்ததுதான். கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் பார்பரா மெல்லர்ஸ் என்ற ஆய்வாளரை நடுவில் வைத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்து கணக்கை மறுபடி பார்த்தார்கள், 2023இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஏற்றம் நிற்பதில்லை. மனநிலையில் மிகக் கீழே இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் ஓர் அளவு வரை ஏறி, பிறகு நின்றுவிடுகிறது.

நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: பணத்தால் தீரும் துயரம் ஒன்று இருக்கிறது, பணம் தொட முடியாத துயரம் வேறு. சுமைதாங்கியின் துயரம் முதல் வகை. இரவல்வெளிச்சம், நீங்கள் முதலாவதைக் கடந்துவிட்டு இரண்டாவதன் வாசலில் நிற்கிறீர்கள். இதில் எது பெரியது என்று சண்டை வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் நூலகத்தில் வேலை செய்பவள், அதனால் இந்தச் சங்கதி மனதைவிட்டுப் போகாது. ஆஸ்திரியாவில் மரியென்தால் என்று ஒரு ஊர். ஊர் முழுக்க ஒரே நெசவாலையை நம்பி இருந்தது, 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அங்கே போய் மக்களைக் கவனித்து 1933இல் எழுதினார்கள். வேலை இல்லை, நேரம் கொட்டிக் கிடக்கிறது, மக்கள் நிறையப் படித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோனது. தெருவில் ஆண்களின் நடை மெதுவாகிவிட்டது, அடிக்கடி நின்றார்கள். காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெண்களுக்கு வீட்டு வேலை மீதமிருந்தது, அவர்கள் நடை அந்த அளவுக்குத் தளரவில்லை.

சம்பளம் தவிர வேலை வேறு சிலவற்றையும் கொடுக்கிறது என்று யஹோடா பிற்காலத்தில் எழுதினார்: நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து செய்யும் ஒன்றில் ஒரு பங்கு, தான் யார் என்பதற்கு ஒரு பதில், கை கால் ஓடிக்கொண்டிருப்பது. பிடிக்காத வேலைகூட இவற்றைக் கொடுக்கும். உங்கள் வேலை இதில் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள். மொத்தமாகத் தூக்கி எறியத் தேவை இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.


நூல்கண்டு எழுதியது:

இருபத்தாறு வருடமாகத் தைக்கிறேன். புதுத் துணி தைப்பதைவிட ஆல்ட்டரேஷன்தான் அதிகம் வரும், பிடிப்பது, விடுவது, ஓரம் மடித்து அடிப்பது, ஜிப் மாற்றுவது.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஆறு வருடம் எந்தச் செலவானாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை, கேட்டால் கொடுப்பார். ஆனால் கேட்பதற்கு முன்னால் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பேனே, அது ஆண்பிள்ளைகளுக்குப் புரியுமா தெரியவில்லை. என் பெயரில் கணக்கு ஆரம்பித்து முதல் கூலியைப் போட்ட அன்று அந்த ஒத்திகை நின்றது. சின்னத் தொகைதான். பணத்துக்குப் பொருள் என்ன என்று என்னைக் கேட்டால், அந்த ஒத்திகை நின்றதுதான்.

வேலைக்கு வருகிறேன். எனக்கு வாடிக்கையாளர் நேரிலேயே வருகிறார்கள், முகத்தைப் பார்க்கிறேன். பாதிப் பேர் அவசரத்தில் பிடுங்கிக்கொண்டு போவார்கள். அதனால் ஆட்களைப் பார்த்தால் அர்த்தம் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அது துணியின் உள்பக்கத்தில் இருக்கிறது. உள்தையலில் பிசிறு நிற்காமல், நூல் முடிச்சு தோலில் உறுத்தாமல் முடிப்பேன். யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள், அதற்குத் தனிக் கூலியும் கிடையாது. சரியாக வந்துவிட்டால் எனக்குத் தெரியும், அன்றைக்கு இரவு நன்றாகத் தூக்கம் வரும். உங்கள் அறுபது ஃபைலில் அப்படி ஒரு உள்பக்கம் இருக்கிறதா தம்பி? இல்லாத வேலையும் உண்டு. இருந்தும் நாம் திருப்பிப் பார்க்காத வேலையும் உண்டு.


இரண்டாம்பதிப்பு எழுதியது:

நூல்கண்டு அக்கா சொல்வது உண்மை. ஆனால் உள்பக்கம் மட்டும் போதாமல் போகிற இடமும் ஒன்று இருக்கிறது, நான் அதில் மாட்டியிருக்கிறேன்.

மென்பொருள் எழுதுகிறேன். இரண்டு வருடம் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு செயலியைக் கட்டினோம். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் எழுதியதில்லை. வெளியிடுவதற்கு ஐந்து வாரம் இருக்கும்போது திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை, போனஸ்கூட வந்தது, யாரையும் அனுப்பவும் இல்லை. ஆனாலும் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. அதைச் சொன்னால் “சம்பளம் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?” என்று கேட்டார்கள்.

அதற்குப் பதில் டேன் ஏரியலியும் இரண்டு சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் கிடைத்தது. லெகோ பொம்மைகளைப் பூட்டச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள், ஒவ்வொரு பொம்மைக்கும் கூலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், போதும் என்று தோன்றும்போது நிறுத்திக்கொள்ளலாம். ஒரு கூட்டத்துக்கு முடித்த பொம்மைகள் மேசையில் வரிசையாக நிற்கும். இன்னொரு கூட்டத்தின் கண்ணெதிரே முந்தைய பொம்மையைக் கழற்றி, அதே துண்டுகளைத் திரும்பப் பூட்டக் கொடுத்தார்கள். கூலி இருவருக்கும் ஒன்றுதான். முதல் கூட்டம் சராசரியாகப் பத்துக்கும் மேல் பூட்டியது, இரண்டாவது கூட்டம் ஏழோடு நிறுத்திக்கொண்டது. இதைப் படித்ததும் எனக்கு ஒரு பாரம் இறங்கியது, எனக்கு நடந்தது வெறும் மனப்பிரமை இல்லை என்று.

இரவல்வெளிச்சம், நீங்கள் முடிக்கும் ஃபைல் கண்ணைவிட்டு மறைந்து அடுத்தது தானாகத் திறக்கிறது என்கிறீர்களே. அதுவும் கழற்றிப் போடுவதுதான். ஒன்பது வருட வேலையில் மேசையில் நிற்கிற பொம்மை ஒன்றுகூட உங்களுக்கு இல்லை.


வெள்ளைப்பலகை எழுதியது:

பள்ளிக்கு வரலாமா என்று கேட்டிருப்பதால் எழுதுகிறேன். பதினாறு வருடம் ஆசிரியராக இருக்கிறேன். வகுப்பில் நிற்கும் நேரம் எனக்கு உயிர், அதை எந்தச் சம்பளத்துக்கும் மாற்ற மாட்டேன். அந்த உயிரை வைத்துத்தான் என்னிடம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொண்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி, இரவில் பெற்றோர் குழுவுக்குப் பதில், இல்லாத எழுத்தரின் வேலை, எல்லாமே “பிள்ளைகளுக்காகத்தானே டீச்சர்” என்ற ஒரே வாக்கியத்தில் என் தலைக்கு வந்துவிடும். மறுத்துப் பேசினால் எனக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை இல்லை என்று ஆகிவிடும். முன்பு இருந்த பள்ளியில் இரண்டு வருடம் இப்படியே போய் உடம்பு விழுந்தது.

உயிரியல் பூங்காக்களில் விலங்குகளைப் பராமரிப்பவர்களைப் பற்றி பண்டர்சன், தாம்ப்சன் இருவரும் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இது என் பிறவிக் கடன் என்று நினைத்தவர்களுக்கு அந்த வேலையில் ஆழ்ந்த அர்த்தம் இருந்தது. அவர்களே சம்பளத்தையும் வசதியையும் சொந்த நேரத்தையும் கூடுதலாக விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள், நிர்வாகம் தங்களைச் சுரண்டுகிறதோ என்ற சந்தேகமும் அவர்களுக்குத்தான் அதிகம். அதைப் படித்தபோது என் பள்ளியைப் படித்த மாதிரி இருந்தது.

வராதீர்கள் என்று சொல்லவில்லை. அர்த்தம் கிடைக்கிறது என்பதற்காகக் கூலியை விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறேன். நீங்கள் அரை வயிற்றோடு வந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியரையும் அரை வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள்.


இரவல்வெளிச்சம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சுமைதாங்கி, நீங்கள் சொன்னது உறைத்தது. அந்த நெஞ்சடிப்பு எனக்கும் இருந்தது, முதல் இரண்டு வருடம் தவணைத் தேதிக்கு முந்தின இரவெல்லாம் தூங்கியதில்லை. மறந்துதான் போனேன். மூன்று மாதச் சோதனையை வரும் முதல் தேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

யஹோடாவின் பட்டியலை வைத்துப் பார்த்தேன். ஒழுங்கு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், கையும் ஓடுகிறது. பலர் சேர்ந்து செய்யும் ஒன்றில் பங்கு என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. நான் செய்வது எங்கே போய்ச் சேருகிறது என்றே எனக்குத் தெரியாது. ஃபைலில் ஒரு பெயரும் வயதும் இருக்கும், அப்புறம் தொகை. ஒன்பது வருடத்தில் ஒரு நோயாளியைக்கூட நான் பார்த்ததில்லை.


காத்திருந்தவள் எழுதியது:

இங்கே படிக்க மட்டும்தான் வருவேன், எழுதியதில்லை. இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்து எழுதுகிறேன்.

போன வருடம் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை. பன்னிரண்டாவது நாள் காலை டாக்டர் வந்து வீட்டுக்குப் போகலாம் என்றார். பையைக் கட்டிவிட்டோம். அம்மா ஆஸ்பத்திரி உடையை மாற்றி, தலை வாரி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். காப்பீட்டு அப்ரூவல் வரவில்லை என்றார்கள். மதியம் கேட்டேன், வரவில்லை. மூன்று மணிக்குக் கவுன்டரில், “கூடுதல் ஆவணம் கேட்டிருக்கிறார்கள்” என்றார்கள். என்ன ஆவணம் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. அந்தக் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் அதே வாக்கியம்தான் இருந்தது, உரிய கூடுதல் ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும் என்று, வேறு ஒன்றும் இல்லை. நான் மூன்று மாடி ஏறி இறங்கி, எல்லாக் காகிதத்தையும் நகலெடுத்துக் கொடுத்தேன். பிறகு தெரிந்தது, அவர்களுக்கு வேண்டியிருந்தது எக்ஸ்ரே ரிப்போர்ட் ஒன்றுதான். அது மேசை டிராயரிலேயே கிடந்தது.

இரவு எட்டே முக்காலுக்கு அப்ரூவல் வந்தது. அதுவரை அம்மா படுக்க மறுத்துவிட்டார். படுத்தால் இன்னொரு நாள் இருக்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். புது இடுப்போடு பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, நம்புங்கள். அந்த அப்ரூவல் வந்த நிமிடம் எங்கோ முகம் தெரியாத ஒருவர் எங்களுக்காக ஒரு பொத்தானை அழுத்தினார். யார் என்று தெரியாமல் கைகூப்பினேன். நீங்கள் இல்லாமல் போனால் இடைவெளியே தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் அந்த இடைவெளியில்தான் பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.


ஜன்னலோரம் எழுதியது:

காத்திருந்தவள், எழுதியதற்கு நன்றி. அம்மா இப்போது நலமாக நடக்கிறார் என்று நம்புகிறேன்.

ஆடம் கிராண்ட் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்கள், நாள் முழுக்க “வேண்டாம்” என்ற பதிலைக் கேட்பவர்கள். அவர்களில் சிலரை, அந்த நன்கொடையில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரோடு சில நிமிடங்கள் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கும் மேலாகி இருந்தன. கூலியும் வேலையும் மாறவே இல்லை. இந்த இழையில் இரவல்வெளிச்சத்துக்கு அந்த மாணவர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்.


வெள்ளைப்பலகை எழுதியது:

அதே ஆய்வை ஒரு நிர்வாகம் படித்தால் என்ன செய்யும் என்பதையும் பாருங்கள். மாதம் ஒருமுறை ஒரு நோயாளியைக் கூட்டிவந்து பேச வைத்துவிட்டு அறுபது ஃபைலை எண்பதாக்கும். ஆள் எண்ணிக்கை குறைவாக இருப்பதாலும் அந்த அம்மா பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். அதை ஒரு ஊழியரின் மனமாற்றம் சரி செய்யாது. இரவல்வெளிச்சம், உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள், முடியாததையும் உங்கள் மனசாட்சியில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.


இரவல்வெளிச்சம் எழுதியது:

ஆறு நாளாக எழுத முடியவில்லை.

அந்த வாக்கியம், உரிய கூடுதல் ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும் என்பது, எங்கள் திரையில் தயாராக இருக்கும். ஒரு தட்டு தட்டினால் போய்விடும். ஒன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை தட்டியிருப்பேன் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் பெட்டிக்குக் கீழேயே ஒரு காலி இடம் இருக்கிறது, என்ன ஆவணம் என்று எழுதுவதற்கு. கட்டாயம் இல்லை என்பதால் யாரும் எழுதுவதில்லை. எழுதினால் ஃபைலுக்கு ஒரு நிமிடம் கூடும், எண்ணிக்கை இறங்கும்.

திங்கள் முதல் எழுதுகிறேன். நூல்கண்டு அக்கா கேட்ட உள்பக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். அறுபதுக்குப் பதில் ஐம்பத்திரண்டு முடிந்தது. மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். திருப்பி அனுப்பியவை எத்தனை முறை திரும்பி வருகின்றன என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். ஆள் போதவில்லை என்பதையும் சொன்னேன், வெள்ளைப்பலகை சொன்னது மனதில் இருந்தது. சரி, ஒரு மாதம் என்றிருக்கிறார்.

பள்ளியைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. இந்த மூன்று மாதமும் பாதிச் சம்பளத்தில்தான் வீடு ஓடப்போகிறது, அது முடிந்ததும் பார்க்கலாம். என் பக்கத்து வரிசைக்காரர்களும் பயன்படுத்துகிற மாதிரி அந்த வாக்கியத்தையே மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார்கள். “தங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்க, எலும்பு முறிவைக் காட்டும் எக்ஸ்ரே ரிப்போர்ட் உள்ளிட்ட உரிய ஆவணம் தேவைப்படுகிறது” என்று ஒரு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். காத்திருந்தவள், உங்களுக்கு இது புரிகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?


சுமைதாங்கி எழுதியது:

கோபமாக எழுதியதற்கு வருந்தவில்லை, ஆனால் இந்த இழையைத் தினமும் வந்து படித்தேன். தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானும் அந்தக் கவுன்டரில் நின்றிருக்கிறேன். மூன்று மாதக் கணக்கை எழுதி வையுங்கள் அண்ணா, எங்கே இடித்தது என்று இங்கே வந்து சொல்லுங்கள்.


காத்திருந்தவள் எழுதியது:

அம்மா நன்றாக நடக்கிறார், மாடிப்படி மட்டும் இன்னும் பயம்.

“உள்ளிட்ட உரிய” என்பதை எடுத்துவிடுங்கள், அதைப் பார்த்ததும் இன்னும் ஏதோ வேண்டும்போல என்று நான் மறுபடி மூன்று மாடி ஏறுவேன். எக்ஸ்ரே ரிப்போர்ட் ஒன்று மட்டும் என்று போடுங்கள். யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று போடுங்கள். கொடுத்த பிறகு எத்தனை மணிக்குள் பதில் வரும் என்பதையும் கடைசியில் எழுதுங்கள். கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் படுக்கலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.